பம்ப் மாற்ற நேரமில்லை

அரிவாளைச் சாக்கில் சுற்றி, ஜீப்பின் முன் சீட்டுக்கு அடியில் தள்ளினார் வேலுச்சாமி. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தது கூட அவருக்குத் தெரியவில்லை.

"இன்னும் என்ன பாய் பாக்குறீக? பானெட்டை மூடுங்க. நாங்க கெளம்பணும்."

மெக்கானிக் சேக் பரீத் மூடவில்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் அந்தப் பழைய ஜீப்புக்குப் போன மாதம்தான் டர்போ மாட்டிக் கொடுத்திருந்தார். கம்பம் ரோட்டில் ஜீப் பறந்தது. மலை ஏறும்போதுதான் வம்பு.

"டர்போவுக்குத் தக்கன டீசல் போகணும்ணே. இந்தப் பம்பு அதுக்குக் காணாது. ஏத்தத்துல மிதிச்சா டீசல் பத்தாம எஞ்சின் நின்னுரும். புதுப் பம்பு இந்தா வந்துருச்சு. அரை மணி நேரம் குடுத்தீகன்னா மாத்திருவேன்."

"அரை மணி நேரத்துல அவ கட்டப்பனைக்கே போயிருவா."

அவள் என்றால் நதியா, வேலுச்சாமியின் ஒரே மகள். காலையில் ஒரு பையனோடு, மலை ஏறிப் போகும் கட்டப்பனை பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தவர்கள், பஸ் கிளம்புவதற்குள் செல்போனில் சொல்லிவிட்டார்கள். இந்த மாதிரிச் சேதி என்றால் நம் ஜனங்களுக்கு அவ்வளவு சுறுசுறுப்பு. பையன் வேறு சாதி, அதனால்தான் சீட்டுக்கு அடியில் அரிவாள்.

நதியாவைப் பாவாடை சட்டையில் பார்த்தவர் பரீத். பம்ப் மாற்றுகிற நேரத்திலாவது இவர்கள் கோபம் கொஞ்சம் ஆறாதா என்று அவருக்கு ஓர் ஆசை.

ஸ்டியரிங்கில் இருந்த தம்பி கருத்தக்கண்ணனுக்கும் பம்ப் மாற்றத்தான் விருப்பம். அவன் கணக்கு வேறு.

"பாய் சொல்றதக் கேளுண்ணே. மாத்திட்டா வெரட்டிப் போயி பஸ்ஸ மறிச்சிரலாம். இல்லாட்டி நடு மலையில நிப்போம்."

"மாத்திக்கிட்டே இருந்தா, அங்கன அவன் ஆளுக வந்து கூட்டிட்டுப் போயிருவாய்ங்க. பெறகு கிட்டப் போக முடியுமாடா?"

"அப்ப மச்சான் கார வாங்கிட்டு வரவா?"

வேலுச்சாமியின் முகம் கோணியது. "எம்மக ஓடிப் போயிட்டா, வண்டி குடுங்கன்னு வீடு வீடாப் போயி நிப்பியா? இருக்குற மானமும் போகணுமா?"

அந்த வீட்டு ஆம்பளைகளிடம் மானம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பரீத் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார். "சரிண்ணே, ரெண்டு பேரு மட்டும் போங்க. ஆளு கொறஞ்சா ஒருவேளை மெதுவா ஏறிரும். லோடு கூடுச்சுன்னா கம்பமெட்டு மலையில ரெண்டாவது கொண்டை ஊசி வளைவத் தாண்டாது."

வேலுச்சாமி அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. ஒர்க் ஷாப் வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினார். "ஏலே, என்ன வேடிக்கை பாக்குறீக? எல்லாரும் ஏறுங்க. அவன்கூட எத்தனை பேரு நிக்கிறாய்ங்களோ."

அத்தனை பேரும் ஏறினார்கள். ஜீப்பின் பின்பக்கம் அமுங்கியது. ஒரு பெண்ணை வெட்ட இத்தனை பேரா என்று கேட்க பரீத்துக்கு வாய் வந்தது, தைரியம் வரவில்லை.

கருத்தக்கண்ணன் ஜீப்பைக் கிளப்பி உறும விட்டான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க, வேலுச்சாமி கேனை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் இருந்த குழாய்க்குப் போனார். பரீத் பின்னாலேயே ஓடினார். ஜீப் போட்ட சத்தத்தில் இங்கே பேசுவது அங்கே கேட்காது.

"வேணாம்ணே. பெத்த பிள்ளைண்ணே. உங்க காலுல வேணாலும் விழுறேன்."

வேலுச்சாமி கேனைக் கீழே வைத்தார். அவருடைய கண் சிவந்து கலங்கியிருந்தது. பரீத்தின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"உண்மையச் சொல்லுங்க பாய். இத்தனை பேரோட வண்டி மலை ஏறாதுல்ல?"

"சத்தியமா ஏறாதுண்ணே."

"அது போதும் பாய். எம்புள்ள பொழச்சுக்கிருவா."