படிக்க முடியாத திரை

கேரளப் பக்கம், கஞ்சிக்கோட்டில் ஒரு மசாலா கம்பெனி. பேக்கிங் செக்‌ஷன் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறதாம். எங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு இதோடு மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் தடவை நிஜமாகவே உடைந்திருந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் வெறும் கட்டங்கள். ஃபான்ட்டை மாற்றினேன், சரியாகிவிட்டது.

இன்றைக்கும் பார்க்கிறேன். 'மல்லித்தூள், 200 கிராம், பெட்டிக்கு 40.' பளிச்சென்று இருக்கிறது.

"எங்கே உடைஞ்சிருக்கு?"

"உடைஞ்சுதான் அம்மிணி இருக்குது. ஒண்ணும் படிக்க முடியலை" என்றார் நாச்சம்மாள்.

"எனக்குத் தெரியுதே!"

"உன்ற கண்ணு எளங்கண்ணு."

மேசையைச் சுற்றி இருந்த பத்துப் பெண்களும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேனேஜர் ஜிபி சாருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இவர்கள் சொன்னால் சரி அவருக்கு. காலையிலேயே சொல்லிவிட்டார்: "குட்டி, இன்னிக்கும் சரியாகலைன்னா இனி வேற கடையிலேர்ந்துதான் ஆள்."

பிளஸ் டூவோடு நிறுத்தியவள் நான். இந்த வேலைதான் எனக்குத் தெரியும். அதிலும் கெட்ட பெயரா?

இவர்கள் நோக்கம் எனக்குப் புரிந்துவிட்டது. எழுத்து உடைந்ததிலிருந்து சூப்பர்வைசர் குப்பண்ணன், திரையில் தமிழுக்கு மேலே இருக்கும் இங்கிலீஷ் வரியைப் பார்த்து எல்லாருக்கும் உரக்கச் சொல்கிறார். கேட்டுக்கொண்டே வேலை செய்வது சுகம். நிமிர்ந்து பார்க்கச் சோம்பல்.

"பொய் சொல்றீங்க. எல்லாருமே" என்றேன்.

யாரும் கோபப்படவில்லை. கடைசியில் உட்கார்ந்திருந்த மருதாத்தாள் மட்டும் தலை குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

தலைகீழாக.

"அதுக்கில்ல அம்மிணி..." என்று என்னிடம் பேசியபடியே நாச்சம்மாள் அந்த லேபிளை உரித்து நேராக ஒட்டினார். பார்க்காமலே. தினமும் செய்கிற கை அது.

அடுத்த பெட்டியிலும் தலைகீழ். இந்தத் தடவை நீண்டது இன்னொரு கை.

ஜிபி சார் உள்ளே வந்தார்.

"எந்தா, சரியாச்சா? ஆச்சுன்னா நாளையிலேர்ந்து சத்தம் போட்டு வாசிக்கிறது நிறுத்தம். திரையைப் பார்த்துப் படிக்கிறவங்க மட்டும் இருந்தா போதும். மத்தவங்க வீட்டுக்குப் போகலாம்."

பத்துப் பேரும் என்னையே பார்த்தார்கள்.

நான் இன்னொரு தடவை திரையைப் பார்த்தேன். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை.

"சரியாகலை சார். ப்ரோகிராமே அப்படி. வேற எந்தக் கடைக்காரன் வந்தாலும் இவங்க சொல்றதைக் கேளுங்க, அவன் சொல்றதை நம்பாதீங்க."