மூவர் வீடு

ஆட்டப் பெட்டியில் மறுபடியும் சிவப்பு விளக்குதான்.

அவன் ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கினான். கொஞ்சம் காத்திருந்து செருகினான்.

சிவப்பு.

ஆட்டப் பெட்டி ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு காலத்தில் வீடியோ கேம் கடைகளில் வரிசையாக இருக்குமே, நின்றுகொண்டே ஆடுவது, அந்த மாதிரி. பிளைவுட் வாங்கி அவனே செய்தான். சோபா வரவேண்டிய இடத்தில் இது வந்தது என்பது முதல் மாடி முழுக்கத் தெரிந்த கதை.

கைப்பிடியும் பொத்தான்களும் உள்ள பலகைக்குள் ஒரு சின்ன சர்க்யூட். வீட்டு வைஃபை வழியாகத்தான் அது திரையோடு பேசும். ஒயர் தொங்கினால் அழகு போய்விடும் என்று அப்போது அவனுக்கு ஒரு பிடிவாதம்.

இப்போது பேச மாட்டேன் என்கிறது.

சேனலை மாற்றினான். ஐபி எண்ணைக் கையாலேயே போட்டுப் பார்த்தான். யூடியூபில் யாரோ இந்தியில் சொன்னதை எல்லாம் புரியாமலே செய்தான். கடைசியில் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டான்.

"என்ன டிவைஸ் சார்?"

"வீடியோ கேம் பெட்டிங்க."

"வீட்ல குழந்தைங்க விளையாடறதா சார்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாங்க" என்றான்.

போன ஞாயிறு மித்ரா வந்திருந்தாள். உயிரில்லாத பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். முதுகில் மாட்டிய பையைக் கழற்றவே இல்லை. கிளம்பும்போதுதான் கேட்டாள்.

"அடுத்த வாரமும் வரணுமாப்பா?"

ஞாயிற்றுக்கிழமை காலைகளைக் கோர்ட் அவனுக்குக் கொடுத்திருந்தது. மகள் ஆசைப்பட்டு வரவேண்டும் என்று எந்த ஜட்ஜும் எழுத முடியாதே.

பெட்டிக்கு என்ன கோளாறு என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரியாதவன் மாதிரி இருந்து பார்த்தான், அவ்வளவுதான்.

கயல்விழி துணிமணியோடு கிளம்பிப் போன அன்று அவன் சாப்பிடவில்லை, அழவில்லை. முதல் வேலையாக வைஃபையின் பெயரை மாற்றினான். 'மூவர் வீடு' என்று இருந்ததை எடுத்துவிட்டு, ரவுட்டரின் முதுகில் அச்சடித்திருந்த எழுத்தையும் எண்ணையும் வைத்தான். பக்கத்து வீடுகளில் எல்லார் போனிலும் அந்தப் பெயர் தெரியும். அது காணாமல் போன அன்றே மாடிக்கு விஷயம் விளங்கிவிட்டது. வக்கீலுக்கே அப்புறம்தான் தெரியும்.

பலகைக்குள் இருந்த சர்க்யூட்டுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அதற்குத் தெரிந்தது ஒரே பெயர். அதையே தேடிக்கொண்டிருந்தது.

திறந்து புதுப் பெயரை ஏற்றலாம். ஆனால் மூடியைப் பசை ஊற்றி ஒட்டியிருந்தான். மூடிமேல் மித்ரா வரைந்த டிராகன். நெம்பினால் கழுத்தில்தான் உடையும்.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தான். பழைய பெயரை அடித்தான். பழைய கடவுச்சொல்லையும். கல்யாணத் தேதி. விரல் தடுமாறவில்லை.

பச்சை.

கதவு தட்டும் சத்தம். எதிர்வீட்டுப் பூங்கோதை அக்கா. கையில் காலிக் கிண்ணம். கறிவேப்பிலை வேண்டுமாம். செடி இருப்பது அவள் வீட்டில்.

"மூவர் வீடு வந்துருச்சுங்களே தம்பி. கயலு வந்துட்டாளாக்கும்?"

"இல்லீங்க்கா. மெசினுக்காக வெச்சேன்."

"மெசினுக்கா."

அக்காவின் கண் அவன் தோளுக்கு மேலாக ஹாலை ஒரு சுற்று சுற்றி வந்தது.

"மெசினுக்காச்சும் இருக்கட்டும்" என்றாள்.

கீழே கார் வந்து நின்றது. மித்ரா மட்டும் படியேறி வந்தாள். அவள் அம்மா கேட்டைத் தாண்டுவதில்லை. இறக்கிவிட்ட கையோடு கிளம்பிவிடுவாள்.

மித்ரா பொத்தானை அழுத்தினாள். திரையில் விமானம் எழும்பியது.

பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

"அப்பா, ரெண்டு பேர் ஆட்டம் போடலாம்."

"நீ ஆரம்பி கண்ணு. கனெக்சன் நிக்குதான்னு பாத்துக்கறேன்."

போனில், இணைப்பில் இருப்பவற்றின் பெயர்கள் வரிசையாக வந்தன.

பலகை.

திரை.

அவன் போன்.

கயல் போன்.

பழைய பெயரும் பழைய கடவுச்சொல்லும் கிடைத்தால் போன் தானாகவே ஒட்டிக்கொள்ளும். யாரிடமும் கேட்காது.

கார் கிளம்பிய சத்தம் கேட்டதா? அவன் கவனிக்கவில்லை.

பக்கத்தைப் புதுப்பித்தான். இருந்தது.

மறுபடியும் புதுப்பித்தான். இருந்தது.

காருக்குள் அவளும் போனில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வேறு எதையாவதும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

"அப்பா, உங்க ப்ளேன் சும்மா நிக்குது. செத்துருவீங்க."

"இதோ வந்தர்றேன்."

பனியனுக்கு மேல் சட்டை போட்டான். இஸ்திரி போட்ட சட்டை. தலையை வாரினான். அதற்கு எதற்கு அவ்வளவு நேரம் என்று அவனுக்கே தெரியாது.

அக்காவின் கதவு சாத்தியிருக்கவில்லை.

"எங்கீங்க தம்பி, சட்டையெல்லாம் மாத்தீட்டு?"

"பால் வாங்கங்க்கா."

படியில் இறங்கிக்கொண்டே போனைப் பார்த்தான்.

பலகை இருந்தது. திரை இருந்தது. அவன் போன் இருந்தது.

கேட்டுக்கு வெளியே வெயில் மட்டும் நின்றது.

அங்கேயே கொஞ்சம் நின்றான். நிமிர்ந்து பார்த்தபோது அக்கா பால்கனிக்கு வந்திருந்தாள்.

வீட்டில் பால் இருந்தது.

கடைக்குப் போய் அரை லிட்டர் வாங்கிக்கொண்டு வந்தான்.