ஒரு மணி என்றால் ஓம்

"ஹலோ... ஹலோ... ஒண்ணும் கேக்கலைங்க சார்."

ஸ்பீக்கரில் கினிகத்தேனைத் தோட்டத்துக் கிளாக்கர் சிவசாமியின் குரல். நுவரெலியா தலைமை அலுவலகத்தில், மேசைக்கடியில் மண்டியிட்டிருந்த விஜிதரன் ஒரு வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினான். மனேஜர் நடராசா கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை.

கம்பெனியின் தேயிலைத் தோட்டங்களையெல்லாம் சொந்த நெட்வேர்க்கில் இணைத்து, அதற்குள்ளேயே போன் பேசும் புது ஏற்பாடு. பதினொன்றுக்குச் சேர்மன் கொழும்பிலிருந்து ஒவ்வொரு தோட்டமாகப் பேசிப் பார்க்கப் போகிறார். கினிகத்தேனை மட்டும் முரண்டு பிடித்தது. அங்கே பேசுவது இங்கே கேட்கிறது. இங்கே பேசுவது அங்கே போகவில்லை.

பழைய டெலிபோன் கம்பி நேற்றிரவு மழையில் அறுந்துவிட்டது. செல்போனுக்கு அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. நல்லவேளை, கம்பி அறுமுன்னே விஜிதரன் கிளாக்கரிடம் ஒரு ஏற்பாடு சொல்லி வைத்திருந்தான். குரல் போகாவிட்டாலும் மணி போகும். ஒரு மணி அடித்து நின்றால் ஓம், இரண்டு அடித்தால் இல்லை.

கெட்டிக்காரன்தான், நினைத்துக்கொண்டார் நடராசா. கண்டி டவுன் பொடியன், வாய்க்கு வாய் 'ஓம் சேர்' என்பான். ஐந்து வருசத்தில் தீபாவளிக்குக்கூட லீவு கேட்டதில்லை.

"சார், கேக்குதோ இல்லியோ, சொல்லிர்றேன்" என்றது ஸ்பீக்கர். "ஆறாம் நம்பர் லயத்துல அம்மாக்கண்ணுன்னு ஒரு அம்மா, விடியக்காலையில தவறிட்டாங்க. ஒரே மகன். வீட்டுப் பேரு அழகன், பதிவுப் பேரு இங்க யாருக்கும் தெரியல. நுவரெலியாவுல ஏதோ ஆபீஸாம், எந்த ஆபீஸுன்னு தாய்க்கே சொன்னதில்லையாம். பகல் திரும்புனா மழை புடிச்சிக்கும், குழியில தண்ணி நிறைஞ்சிரும். பன்னெண்டுக்கு எடுக்குறாங்க. ஆள் விட்டுத் தேடிப் பாக்க..."

கேள்வி முடியவில்லை. விஜிதரன் அழைப்பைத் துண்டித்தான். திரும்ப எண்ணை அழுத்தி, ஒரே மணியில் வைத்தான்.

உடனே அங்கிருந்து கிளாக்கர் திரும்ப அழைத்தார். தேடுவதற்கு நன்றி சொன்னார். ஆனால் மணிச் சத்தத்தை நம்பிப் பிணத்தை நிறுத்தி வைக்க, தொழிலாளர் குடியிருப்பான அந்த லயத்துப் பெரியவர்கள் சம்மதிக்கமாட்டார்களாம். மகன் வாயால் ஒரு வார்த்தை வரவேண்டுமாம். போனை வைக்காமல் காத்திருப்பதாகச் சொன்னார்.

நடராசாவுக்கு எரிச்சல் வந்தது. "ஐசே, இந்த ஊரில ஒரு அழகனை எங்க போய்த் தேடுறது? பெத்த தாயையே எட்டிப் பாராதவனுக்காக நீர் ஏன் மினக்கெடுறீர்? சேர்மன்ர போன் கோலைப் பாரும்."

"ஓம் சேர்."

அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. எழுந்து கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தான். விசைகளைப் பார்க்காமலே தட்டுகிறவன், அன்று பாஸ்வேர்டை மூன்று தரம் பிழையாக அடித்தான். பக்கத்தில் பிளேன்டீ ஆறிக் கிடந்தது.

மணிக்கு ஒரு வாசல், குரலுக்கு வேறு வாசல். திரையில் வரிவரியாக இறங்கிக்கொண்டே வந்த அவன் விரல் ஓரிடத்தில் நின்றது. குரலுக்கு வாசல் திறக்கும் வரியில் கினிகத்தேனையின் எண் 61 என்று இருந்தது. 16 என்று இருக்க வேண்டும்.

"ஆர் இந்த விசர்வேலை பார்த்தது?" என்றார் நடராசா.

"நான்தான் சேர்" என்றான். திருத்தினான்.

பத்து ஐம்பது. சேர்மனுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. நடராசா மூச்சு விட்டார். டெஸ்ட்டிங், ஒன், டூ என்று சொல்லிப் பார்க்கும்படி கையைக் காட்டினார்.

விஜிதரன் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தான். பிறகு, நடராசா அவன் வாயில் ஒருநாளும் கேட்டிராத ஒரு தமிழ் வந்தது.

"கிளாக்கரய்யா, ஆறாம் நம்பர் லயத்து அழகன் பேசுறேங்க. நான் வந்து சேர்ற வரைக்கும் அம்மாவ எடுத்துறாதீங்க."