பலகைச் சுவர்

அப்பா விட்டுப்போன வீட்டுக்கான வழக்கு இன்று சமரச மையத்தில் முடியப்போகிறது. அக்கா ஒரு அறையில், தம்பி அடுத்த அறையில். நடுவே மெல்லிய பலகைச் சுவர்; தம்பி இருமினால் அக்காவின் தலை தானாகத் திரும்புகிறது. “வீட்டை அவனே வெச்சுக்கட்டும்,” என்கிறாள் எதிரே இருக்கும் மத்தியஸ்தரிடம், கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தபடி. “ஒரு தடவை அக்கான்னு கூப்பிட்டிருந்தா நான் கோர்ட் வாசலையே மிதிச்சிருக்க மாட்டேன். இதை மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க மேடம்.” மத்தியஸ்தர் தலையாட்டுகிறார். தனியே சொன்னதை, சொன்னவர் சம்மதமில்லாமல் அடுத்த அறைக்குக் கொண்டுபோகக் கூடாது. அது அவர் தொழிலின் விதி. அடுத்த அறையில் சாய்வெயில் தம்பியின் முழங்கை வரை ஏறியிருக்கிறது. அக்கா வீட்டை விட்டுக்கொடுத்ததைக் கேட்டதும் அவன் முகத்தில் மகிழ்ச்சியே இல்லை. “அக்கா அந்த முட்டிவலியோட படியேறியா வந்தாங்க?” என்று மெதுவாகக் கேட்கிறான். ‘அக்கா’ என்ற சொல் காதில் விழுந்ததும் மத்தியஸ்தர் சட்டென்று நிமிர்கிறார். “நீங்க கேட்டீங்கன்னு சொல்லட்டுமா?” “ஐயோ, வேண்டாம் மேடம்.” சுவரின் இருபுறமும் கையெழுத்தாகிறது. “உங்களாலதான் சுமுகமா முடிஞ்சுது,” என்று இருவருமே அவரைக் கும்பிடுகிறார்கள். மத்தியஸ்தர் வராந்தாவில் நிற்கிறார். அக்கா கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். அந்தக் காலடிச் சத்தம் முழுதாக ஓயும்வரை தம்பி அறையை விட்டு வெளியே வரவில்லை.