எண்பத்தைந்து கிலோ

"இன்னிக்கு என்ன?"

வெங்கடகிருஷ்ணன் ஷூவைக் கழற்றுவதற்குள் கல்பகம் கேட்டுவிட்டாள்.

"எண்பத்தஞ்சு."

"நேத்திக்கு?"

"எண்பத்தாறு."

"ஆபரேஷன் ஆகி டூட்டியில சேர்ந்த அன்னிக்கு எண்பத்து நாலு. ஒரு மாசமாக் கஞ்சியும் கீரையும்தான் போடறேன். கீரையா ஏத்தும்? கேன்டீன் போண்டாதானே?"

"சத்தியமா இல்லேடி!"

"எனக்கென்ன, நாலு வேஷ்டி கிழிச்சாச்சு. இனிமே உங்க கல்யாண வேஷ்டிதான் பாக்கி."

வேஷ்டி விஷயம் இதுதான். ப்ராஸ்டேட்டில் கான்ஸர். வெட்டி எடுத்தாகிவிட்டது. வியாதி போயிற்று, கூடவே அடக்குகிற சக்தியும் போயிற்று. வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி சொட்டிக்கொண்டே இருந்தது.

"தொந்தி மேலேர்ந்து அமுக்கறது ஸார். பத்து கிலோ இறக்குங்க, சொட்டறது குறையும். தண்ணி மட்டும் நிறையக் குடிங்க" என்றார் டாக்டர். அதுவரை பேண்ட்டுக்குள் மடித்து வைத்த பழைய வேஷ்டித் துணி. ஆபீஸில் கேட்டால், ஹெர்னியா.

எடை பார்ப்பது அவர் வேலை பார்க்கும் காஞ்சன்பாக் பாக்டரி கேட்டில். வைண்டிங் செக்‌ஷனில் செம்புக் கம்பி காணாமல் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த ஸெக்யூரிட்டி ஆபீஸர் பத்ரிநாராயணன் யோசித்தார். லாரியை உள்ளே போகும்போதும் எடை போடுகிறோம், வெளியே வரும்போதும் போடுகிறோம். ஆளைப் போட்டால் என்ன?

பார்சல் ஆபீஸில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு பலகை மெஷின் வந்தது. யூனியன் கொடி பிடித்ததில், கேன்டீன் சாப்பாட்டுக்காக ஒரு கிலோ தள்ளுபடி. சாயங்காலம் அதற்கு மேல் ஏறினால் கேபினில் முழுச் சோதனை.

மற்றவர்கள் பாத்ரூமில் விட்டுவிட்டு வருவதை வெங்கடகிருஷ்ணன் கூடவே சுமந்துகொண்டு வந்தார். முதல் நாளே ஒன்றரை கிலோ கூடுதல்.

"கேபின்!" என்றார் காவலாளி அப்துல் ரஹீம். மெஷினை ஒட்டி விறைப்பாக நிற்கிற மனுஷன். பெற்ற பிள்ளையையே தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார் என்று பேர்.

"ரஹீம் பாய், எனக்கு ஹெர்னியா..."

"பேண்ட்!"

கழற்றினார். ரஹீம் பார்த்தார். வெளியே வந்து, "குச் நஹீ! சலோ!" என்று, ஒன்றுமில்லை, நகரு என்கிற மாதிரி, வரிசையைப் பார்த்துக் கத்தினார்.

மறுநாள் செக்‌ஷனே சிரிக்கப்போகிறது என்று வெங்கடகிருஷ்ணன் நடுங்கினார். யாரும் சிரிக்கவில்லை. அந்த மரமண்டைக்கு ஒன்றும் புரியவில்லை என்று நிம்மதியானார்.

அதற்குப் பிறகு கேபினே இல்லை. சாயங்காலம் ஏறி இறங்கினால் வெறும் "சலோ"தான். காலை எடையை மட்டும் ஊருக்கே கேட்கும்படி கத்தி நோட்டில் எழுதுவார் ரஹீம்.

"எண்பத்தாறு!"

"என்ன ஸார்," என்பான் பின்னால் நிற்கும் உமாசங்கர், "ஹெர்னியாவை எடுத்துட்டு வேற என்னத்தை உள்ளே வெச்சுத் தைச்சுட்டான்?"

ஞாயிற்றுக்கிழமை கல்பகம் பொறுக்கமாட்டாமல் அவரை விறகு டிப்போவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெரிய தராசுத் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிர்த் தட்டில் டிப்போக்காரன் கல்லை அடுக்கினான். தெருப் பிள்ளைகளெல்லாம் கூடிவிட்டன.

எண்பத்தொன்று!

"மூணு கிலோ இறங்கியிருக்கு!" கல்பகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "அதானே பார்த்தேன், துணிகூட நாளைக்கு அஞ்சு போய் மூணாச்சே! அப்போ உங்க கேட் மெஷின்தான் புளுகுணி. அநியாயமா போண்டாப் பழி போட்டுட்டேன். நாளைக்கே போய் ஆபீஸரைக் கேளுங்கோ!"

திங்கள் காலை. போண்டாப் பழி நீங்கிய தெம்பில் வெங்கடகிருஷ்ணன் நேராக ஆபீஸரிடம் போனார்.

"ஸார், உங்க மெஷின் தப்பு. நாலு கிலோ கூடக் காட்டறது."

"எப்படித் தெரியும்?"

"விறகு டிப்போவிலே பார்த்தேன்."

"கவர்ன்மென்ட் மெஷினை விட விறகுக்காரன் கல் பெரிசாப் போச்சா? வாரும்!"

பத்ரிநாராயணன் முத்திரை குத்திய இருபது கிலோ கற்கள் நாலைக் கொண்டுவரச் சொன்னார். பலகையில் ஏற்றினார்கள். முள் சரியாக எண்பதில் நின்றது. கற்களை இறக்கினார்கள்.

"இப்போ நீர் ஏறும்."

ஏறினார். ரஹீம் நோட்டுப் புத்தகத்தோடு வழக்கம்போல் ஒட்டி நின்றார். ஆபீஸர் முள்ளுக்கு நேராகக் கண்ணை வைத்தார்.

"எண்பத்தஞ்சு! என்ன ஓய், மெஷினா தப்பு? இல்லே, என் ஆள் தப்பா எழுதறானா? ரெண்டுல ஒண்ணு சொல்லும். இன்னிக்கே ஆக்‌ஷன் எடுக்கறேன்."

வெங்கடகிருஷ்ணன் தலையைக் குனிந்தார்.

பல வருஷமாகக் குனிந்தால் தொந்திதான் தெரியும். மூணு கிலோ குறைந்ததில் இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கீழே பலகை தெரிந்தது. அதன்மேல் தன்னுடைய ஷூ இரண்டு தெரிந்தது.

ஓரத்தில், பலகையை அழுத்தியபடி, மூன்றாவதாக ஒரு கறுப்பு பூட்ஸின் நுனி.

காலையில் இவருக்கு நாலு கிலோ ஏற்றி எழுதிவிட்டால், சாயங்காலம் எடை கூடாது; கேபினுக்குள் கூப்பிட வேண்டியதில்லை.

நிமிர்ந்தார். ரஹீம் எங்கேயோ கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றார். நெற்றியில் மட்டும் வியர்வை.

"சொல்லும் ஓய்!"

"மெஷினும் சரி, உங்க ஆளும் சரி ஸார்," என்றார் வெங்கடகிருஷ்ணன். "நான்தான் ஆத்துக்காரிக்குத் தெரியாம, தினம் கேன்டீன்ல போண்டா தின்னுண்டிருக்கேன்."