ரிக் லாரிக்காரரின் மீன்பிடி நாள்

மேட்டூர் அணை நீரில் பரிசல் நிற்கிறது. வட்டப் பரிசல் சுழன்றுவிடாமல், மீன் இருக்கும் இடம் காட்ட அமர்த்திய மாதேஷ் துடுப்பைச் செங்குத்தாக அமிழ்த்திப் பிடித்திருக்கிறார். ரிக் லாரிக்காரர் அன்பரசுவிடம், பிரிந்துபோன மனைவி இன்று ஒரு நாள்தான் மகள் இனியாவை அனுப்பியிருக்கிறாள். மீன் மாட்டினால்தான் அடுத்த லீவுக்கும் வருவாளாம் மகள். "கடிக்குதா சாமி?" என்று தூண்டில் பிடித்திருக்கும் மகளிடம் கேட்கிறார் அன்பரசு. "மெதுவாங்கண்ணா. நீங்க கத்துற கத்துல மீனெல்லாம் ஒகேனக்கல் போய்ச் சேந்துருமுங்க," என்கிறார் மாதேஷ். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியின் கம்ப்ரசர் இரைச்சலிலேயே வாழ்ந்த காதுக்குத் தன் குரலின் அளவு தெரிவதில்லை. பரிசலின் தார் பூசிய அடிப்பக்கமோ எந்தச் சத்தத்தையும் அப்படியே நீருக்குள் இறக்கிவிடும். அன்பரசு துண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறார். மிதவை ஒருமுறை அமிழ்ந்து எழுகிறது. இனியா திரும்பி, ரகசியமாக ஏதோ கேட்கிறாள்; மந்தமான அவர் காதில் அது விழவில்லை. இழுக்கட்டுமா என்கிறாளா, போகலாமா என்கிறாளா? ஆமென்று தலையாட்டுவதா, வேண்டாமென்று ஆட்டுவதா தெரியாமல், அசையும் அந்த உதடுகளையே பார்க்கிறார் அன்பரசு.