ட்ரூடியின் ரப்பர் குழாய்

சடசடவென்று தகட்டில் தண்ணீர் விழும் சத்தம். ஷெல்பி பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

பக்கத்து ட்ரெய்லரில் குடியிருக்கும் ட்ரூடி, கையில் ரப்பர் குழாயோடு நின்றிருந்தாள்.

"என் வண்டி மேல எதுக்கு அடிக்கிற?"

"பூச்செடிக்கு விட்டேன். கை தவறிடுச்சு."

"தினமுமா தவறும்?"

"வயசாகுதில்ல," என்றாள், நாற்பதுகூட ஆகாத ட்ரூடி.

ஷெல்பியுடையது சக்கரம் வைத்த, அந்தக் காலத்து ட்ரெய்லர் வீடு. மக்கிப்போன சட்டங்களை மாற்றி, அலுமினியத் தகடுகளைப் பாலிஷ் போட்டு மறுபடி பொருத்தியிருந்தாள் ஷெல்பி. உள்ளே மரப்பலகை அடிப்பதுதான் பாக்கி. ஆரிகனில் மழைக்காலம் பிடிப்பதற்குள், அக்கா வீட்டு சோபாவில் தூங்கும் மகள் ஜூனியை இங்கே கூட்டி வந்துவிட வேண்டும்.

ஜன்னல் மூலையில் தண்ணீர் கசிந்து சட்டம் நனைந்திருந்தது. திட்டிக்கொண்டே ஜன்னலைக் கழற்றி, விளிம்பெல்லாம் மறுபடி பசை வைத்து அடைத்தாள்.

மறுநாள் கூரை ஓரம் நனைந்தது. அதையும் பிரித்து அடைத்தாள்.

"பொறாமைடி," என்றாள் அக்கா போனில். "அவ வண்டியவிட உன்னுது பளபளன்னு இருக்கில்ல."

ஒருநாள் ட்ரூடி எவ்வளவு அடித்தும் உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. ஷெல்பி வெளியே வந்து, "நல்லா அடி. ஒண்ணும் உள்ள வராது," என்றாள் வீம்பாக.

ட்ரூடி குழாயைச் சுருட்டிக்கொண்டு போனாள். ஷெல்பிக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

பலகை அடித்து, வார்னிஷ் பூசி, ஜூனி குடிவந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. அந்த ட்ரெய்லர் வரிசையில் பாதிப்பேர் ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஷெல்பி சுவரைத் தடவிப் பார்த்தாள். காய்ந்த பலகை. ஜூனி போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கதவைத் தட்டும் சத்தம். தொப்பலாக நனைந்து ட்ரூடி.

"ஜன்னல் மூலை ஒழுகுதா?"

"இல்ல."

"கூரை ஓரம்?"

ஷெல்பிக்கு அப்போதுதான் உறைத்தது. "நீ வேணும்னேதான் அடிச்சியா?"

"பலகை அடிச்சப்புறம் கசிஞ்சா வெளியே தெரியாது. உள்ளுக்குள்ளயே மக்கிடும். என்னுது அப்படித்தான் போச்சு."

ஷெல்பி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, துண்டைக் கொடுத்தாள்.

"வாயால சொல்லியிருக்கலாமே ட்ரூடி. உன்னை எவ்வளவு திட்டினேன்."

"முதல் நாளே சொல்ல வந்தேன். 'உன் வேலையப் பாரு'ன்னு கதவைச் சாத்தின." ட்ரூடி தலையைத் துவட்டிக்கொண்டாள். "நான் சொன்னாக் கேக்க மாட்ட. தண்ணி சொன்னாக் கேட்டுத்தான ஆகணும்."